அறியாமை குற்றமா?

திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து வடக்கே சென்றால் மண்ணச்சநல்லூர் வரும். ஊரின் பெயரைச் சொன்னாலே அரிசிதான் நினைவுக்கு வரும். நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் காயவைத்து, அரைத்து, கல்லையும் குருணையையும் கருப்பரிசியையும் பிரித்தெடுத்து, ஒரே சீரான மணிகளை மூட்டையாகக் கட்டி ஊர் ஊராய் அனுப்புவது இங்குள்ள ஆலைகளின் தொழில். சீராக இல்லாததைப் பிரித்து ஒதுக்குவதில்தான் ஆலையின் திறமை இருக்கிறது. அரிசிக்கு அது முறை. ஆனால் பிள்ளைகளுக்கு?

இவ்வூரை அடுத்த ஒரு சிற்றூரின் தொடக்கப்பள்ளியில் பல ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் நான். ஓய்வு பெற்று நெடுங்காலமாகியும் என் நெஞ்சை விட்டு அகலாத வினா ஒன்று உண்டு. அறியாமல் செய்த தீங்கிற்கு மனிதன் பொறுப்பாவானா? 'எனக்குத் தெரியாது' என்ற சொல் ஒருவனைக் குற்றத்திலிருந்து விடுவித்து விடுமா? நூல்களைப் படித்ததால் இவ்வினா எனக்கு எழவில்லை. ஒரு சிறுமியின் சிலேட்டைப் பார்த்ததால் எழுந்தது.

சொல்வதெழுதுதல்

1984-ஆம் ஆண்டு. நான்காம் வகுப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவர்களுள் ஒருத்தியின் தாய் ஆலைக் களத்தில் நெல் காயவைக்கும் கூலிப்பெண். தந்தை இல்லை. சிறுமி அமைதியானவள், அழைத்தால் சில வேளை வருவாள், சில வேளை வரமாட்டாள். நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

நாள்தோறும் சொல்வதெழுதுதல் உண்டு. பத்துச் சொற்கள். சில நாள்களில் அவளுக்கு எட்டு, ஒன்பது மதிப்பெண் வரும். சில நாள்களில் இரண்டுகூட வராது. 'கல்' என்று நான் சொன்னால் 'பல்' என்று எழுதியிருப்பாள். எட்டு எழுதத் தெரிந்தவள் ஏன் இரண்டு எழுதுகிறாள்? எனக்கு ஒரே விடைதான் தோன்றியது: மதிப்பெண் மிகுந்த நாள்களில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள்! ஆகவே குறைவாக எழுதிய நாளில் சோம்பலுக்காக அடித்தேன். நிறைவாக எழுதிய நாளில் களவுக்காக அடித்தேன். கடைசி வரிசையில் தனியே உட்கார வைத்தேன். அதன்பின் அவளுக்கு எட்டு மதிப்பெண் வரவே இல்லை. என் ஐயம் உறுதியாகிவிட்டதாக நம்பினேன்.

உண்மையைச் சொன்னவர் மருத்துவரும் அல்லர், கல்வி அதிகாரியும் அல்லர். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்த ஆயா. ஒருநாள் நண்பகலில், சோறு வாங்க அழைத்தும் வராமல் நின்ற அச்சிறுமியை நான் அதட்டிக்கொண்டிருந்தேன். ஆயா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“சார், அந்தப் புள்ளைக்குக் காது சரியாக் கேக்காதுங்க. தோளைத் தொட்டுக் கூப்பிட்டாத்தான் வரும்.”

“எத்தனை நாளாகத் தெரியும் உங்களுக்கு?”

“நான் சோறு போட ஆரம்பிச்சதிலேர்ந்து தெரியுமே. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று. நான் கரும்பலகை அருகே, பிள்ளைகளைப் பார்த்து நின்று சொன்ன நாள்களில் அவள் என் உதடுகளைப் பார்த்து எழுதியிருக்கிறாள். நான் வரிசைகளுக்கிடையே நடந்துகொண்டே, அவளுக்குப் பின்னால் நின்று சொன்ன நாள்களில் அவளுக்குக் கிடைத்தவை சொற்களின் நிழல்கள்தாம். 'கல்', 'பல்' ஆகிய சொற்களில் வேறுபடுவது முதலெழுத்தின் மெல்லிய ஒலி ஒன்றே. செவித்திறன் சற்றுக் குறைந்தாலும் முதலில் நழுவிப்போவது அத்தகைய ஒலிதான்.

திருச்சி அரசு மருத்துவமனையில் அவள் காதைப் பார்த்த மருத்துவர் இரு செவிப்பறைகளிலும் துளை இருப்பதாகக் கூறினார். சிறு வயதிலிருந்தே காதில் சீழ் வடிந்திருக்கிறது. நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் குழல் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் சரிவின்றியும் இருப்பதால், சளி பிடித்தாலே நோய்க்கிருமிகள் எளிதில் செவிக்குள் சென்றுவிடும். சீழ் கட்டிச் செவிப்பறை கிழியும். தாய் வழக்கப்படி எண்ணெய் காய்ச்சி ஊற்றியிருக்கிறார். பிள்ளை பெருவளை வாய்க்காலில் மூழ்கிக் குளித்திருக்கிறாள். இரண்டுமே புண்ணை ஆறவிடவில்லை. சிகிச்சையால் சீழ் நின்றது; கேட்கும் திறன் ஓரளவே மீண்டது. ஐந்தாம் வகுப்போடு அவள் படிப்பு முடிந்தது. அடுத்த ஆண்டு, தாயின் பக்கத்தில் நின்று களத்தில் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அறியக் கடமைப்பட்டவை

இதில் நான் குற்றவாளியா? 'வேண்டுமென்றா செய்தீர்கள்? தெரியாமல் நடந்தது' என்று நண்பர்கள் தேற்றினார்கள். ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் பதிமூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ் இவ்வினாவை ஆராய்ந்திருப்பதைப் பின்னர் படித்தபோது அந்த ஆறுதல் நிலைக்கவில்லை.

எல்லா அறியாமையும் ஒன்றன்று என்கிறார் அவர். எவ்வளவு முயன்றாலும் அறிய இயலாததை ஒருவன் அறியாதிருந்தால் அது குற்றமாகாது. அது வெல்லமுடியாத அறியாமை. ஆனால் அறியக்கூடியதை, அதுவும் தன் நிலைக்கும் பணிக்கும் உரிய கடமையாக அறிந்திருக்க வேண்டியதை, முயலாமையால் அறியாதிருப்பவன் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. இவற்றினும் கொடிய மூன்றாம் வகையும் உண்டு. அறிந்தால் ஏதேனும் செய்யவேண்டி வருமே என்று அஞ்சி, அறியாமலே இருக்க விரும்புவது அது.

இந்த அளவுகோலை என்மீது வைத்துப் பார்த்தேன். செவிப்பறையில் துளை இருப்பதை நான் கண்டறிந்திருக்க முடியாது. அது மருத்துவர் வேலை. ஆனால் எந்த நாளில் எட்டு, எந்த நாளில் இரண்டு என்பதை ஒரு வாரம் கவனித்திருந்தால் போதுமே! அவளைத் தனியே அழைத்து, 'நான் சொல்வது உனக்குக் கேட்கிறதா?' என்று ஒரு முறை வினவியிருந்தால் போதுமே! எழுதப்படிக்கத் தெரியாத ஆயா, சோறு பரிமாறுகையில் கண்டுகொண்ட உண்மை அது. அவருக்கு அறிய முடிந்தது எனக்கு முடியாமற் போனது எதனால்? அவர் ஒவ்வொரு தட்டையும், தட்டை ஏந்திய முகத்தையும் பார்த்தார். நான் சிலேட்டை மட்டுமே பார்த்தேன்.

எது தடுக்கிறது?

'ஏன் படிக்கவில்லை?' என்று கேட்பதற்கும் 'படிக்கவிடாமல் உன்னை எது தடுக்கிறது?' என்று கேட்பதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. முதல் வினா பிள்ளையைக் கூண்டில் ஏற்றுகிறது. இரண்டாம் வினா அதன் பக்கத்தில் வந்து நிற்கிறது. தமிழகக் கல்வி வரலாற்றில் நன்மை விளைந்த இடங்களில் எல்லாம் யாரோ ஒருவர் இந்த இரண்டாம் வினாவைக் கேட்டிருப்பதைக் காணலாம்.

ஆடு மாடு மேய்த்த சிறுவனிடம் பள்ளிக்கு ஏன் போகவில்லை என்று காமராசர் கேட்டதாகவும், அங்கே போனால் சோறு யார் போடுவார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் வழங்கும் செய்தியை நாம் அறிவோம். தடையாக இருந்தது பசி. 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது நம் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தது. 2024 முதல் அரசு உதவிபெறும் ஊர்ப்புறப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. வெறும் வயிற்றோடு கணக்குப் போடும் பிள்ளையைச் சோம்பேறி என்பது அநீதி என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை.

வயிற்றைப் பற்றிக் கேட்கக் கற்றுக்கொண்ட நாம் கண்ணையும் காதையும் பற்றிக் கேட்கப் பின்னும் காலம் பிடித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை இந்தியாவில் முதன்முதலாக நடந்தது 1909-இல், பரோடாவில். ஆயினும் 1946-இல் போர் குழு தன் அறிக்கையை அளித்தபோது, பள்ளி மருத்துவப் பணி நாட்டில் இல்லை என்றே சொல்லத்தக்க நிலை இருந்தது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இரு முறையும், அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் ஒரு முறையும் வரவேண்டும். பிறவிக் குறைகள், சத்துக் குறைகள், குழந்தை நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என நால்வகையில் முப்பது நிலைகளைத் தேடிப் பார்ப்பது அக்குழுவின் பணி. காதில் சீழ் வடிதல் அம்முப்பதில் ஒன்று என்று படித்தபோது என் கண்கள் கலங்கின.

இனியும் 'தெரியாது' என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறதா? 1984-இல் ஓரளவேனும் பொருந்திய சாக்கு இன்று பொருந்தாது. அறியும் வழிகள் பெருகப் பெருக, வெல்லமுடியாத அறியாமையின் எல்லை சுருங்குகிறது. கடமையின் எல்லை விரிகிறது. மருத்துவக் குழு ஆண்டுக்கொரு நாள் வந்து போகலாம். எஞ்சிய நாள்களிலெல்லாம் அப்பிள்ளையின் முன் நிற்பவர் ஆசிரியர். குழு எழுதிக்கொடுத்த சீட்டு தாயின் கைக்குச் சேர்ந்ததா, தாய் ஒருநாள் கூலியை இழந்து மருத்துவமனைக்குச் சென்றாரா, மருந்து தொடர்கிறதா என்று கேட்பவர் யார்? கண்டறிவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை.

மற்றவர்க்கு அநீதியா?

'ஐம்பது பேரில் ஒருவனுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் நாற்பத்தொன்பது பேருக்கு அநீதி அன்றோ?' என்று ஆசிரியர் பலர் கேட்கின்றனர். இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. ஆசிரியரின் நேரம் அளவுக்குட்பட்டது, வகுப்புகள் பெரியவை. ஒருவருக்கே ஓராசிரியர் என்று கேட்பது நடவாத காரியம்.

ஆனால் சமமாக நடத்துவது என்றால் என்ன? எல்லோருக்கும் ஒரே குரலில், ஒரே திசையில் நின்று சொல்வதெழுதுதல் நடத்திய நான் சமமாகவே நடத்தினேன். பிரம்பையும் பாகுபாடின்றியே பயன்படுத்தினேன். அந்தச் சமத்துவத்தின் விலையை ஒருத்தி மட்டுமே செலுத்தினாள். பத்துப் பேருக்கு ஒரே அளவில் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, நடக்க முடியாதவனைப் பார்த்து உன் கால்தான் தவறு என்று சொல்லலாகுமா? ஒவ்வொருவரும் நடப்பதற்கு வேண்டியதை ஒவ்வொருவர்க்கும் கொடுப்பதே நீதி. ஆகவே முன்வரிசையில் இடம் தருவதும், தேர்வில் கூடுதல் நேரம் அளிப்பதும், சொல்வதை எழுதுபவரை அமர்த்துவதும் சலுகைகள் அல்ல. இரக்கத்தின் பெயரால் இவற்றைக் கொடுத்தால் பிள்ளை நன்றிக்கடன் படவேண்டும். நீதியின் பெயரால் கொடுத்தால் அது நிமிர்ந்து நிற்கலாம்.

மேலும், ஒருவருக்காகச் செய்வது பலருக்கும் பயன்படுவதை அனுபவத்தில் கண்டேன். அந்த நாளுக்குப் பின் நான் எப்போதும் பிள்ளைகளின் முன் நின்று, முகம் தெரியும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். வகுப்பு முழுவதற்கும் பிழைகள் குறைந்தன. மரியா மாண்டிசோரி அம்மையார் கண்டதும் இதையே. இத்தாலியில் மருத்துவம் பயின்ற அவர், மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கைகளாலும் புலன்களாலும் கற்கும் முறையை வகுத்தார். அவர்களுட் சிலர் பொதுத் தேர்வில் மற்றப் பிள்ளைகளுக்கு ஈடாக எழுதியதைக் கண்டு ஊரார் வியந்தனர். அவரோ, நலமுள்ள பிள்ளைகளை இவ்வளவு தாழ்வான நிலையில் நிறுத்தி வைத்திருப்பது எது என்று எண்ணத் தொடங்கினார். 1907-இல் உரோமையின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்காக அவர் திறந்த இல்லம் அந்தச் சிந்தனையின் கனி. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவரும், போர்க்காலத்தில் கோடைக்கானலில் தங்கிப் பணியாற்றியவரும் அவரே. கடைசி வரிசைப் பிள்ளைக்காகக் கண்டுபிடித்தது உலகெங்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வழியாயிற்று.

பெயர் சூட்டும் ஆபத்து

அறிவதிலும் ஓர் ஆபத்து உண்டு. குறையைக் கண்டுபிடித்து, அதற்கொரு பெயர் சூட்டி, அப்பெயராலேயே பிள்ளையை அழைக்கத் தொடங்கிவிடுகிறோம். முன்பு 'மக்கு' என்றோம். இன்று மருத்துவச் சொல்லொன்றைக் கற்றுக்கொண்டு அதையே வசையாக வீசுகிறோம். பெற்றோர் பலர் பிள்ளையின் குறையை மறைப்பதற்குக் காரணம் இதுவே. ஊர் என்ன சொல்லும், நாளை பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா என்று அஞ்சும் தாயைக் கடிந்து பயனில்லை. அவளுடைய அச்சத்தை வளர்த்தவர்கள் நாம்.

ஆயாவின் அறிவு அத்தகையதன்று. அவர் அந்தக் குறைக்குப் பெயர் எதுவும் சூட்டவில்லை. தோளைத் தொட்டு அழைத்தார், அவ்வளவே. ஒரு குறையை அறிந்ததன் அடையாளம் நம் நடத்தை மாறுவது. நடத்தை மாறாமல் பெயர் மட்டும் சேருமானால், அறியாமை முன்னினும் கற்ற வடிவில் தொடர்கிறது என்றே பொருள்.

நம் பள்ளிகள்

நம்மை நாமே கேட்க வேண்டிய இடத்திற்கு வந்துவிட்டோம். கத்தோலிக்கப் பள்ளிகள் இந்நாட்டில் ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும் நம் பள்ளிகளிலும் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்னும் விளம்பரப் பலகை தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நூறைக் காப்பதற்காக, தேறாது என்று கருதப்பட்ட பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு வேறு பள்ளிக்குக் கொண்டுபோகச் சொன்னதையும் என் காதால் கேட்டிருக்கிறேன். மண்ணச்சநல்லூர்க்காரனான எனக்குக் குருணை பிரிக்கும் சல்லடைதான் அப்போது நினைவில் எழுந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சேர்க்கையின்போது பிள்ளைகளைச் சலித்தெடுப்பதைத் தடுக்கிறது. ஆனால் சிறுபான்மையினர் பள்ளிகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை 2025 செப்டம்பரில் அந்நீதிமன்றத்தின் ஓர் அமர்வே எழுப்பியுள்ளது. இறுதி முடிவு எதுவாயினும், சட்டம் நம்மைக் கட்டாத இடத்தில் மனச்சான்று நம்மைக் கட்ட வேண்டாமா? சிறுபான்மையினர்க்குரிய காப்பு நம் நிறுவனங்களைக் காக்கத் தரப்பட்டது. நலிந்த பிள்ளைகளிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்ளத் தரப்பட்டதன்று.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வேறு வகையானது. 2016-இல் நிறைவேறிய அது, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்களை நோக்கிப் பேசுகிறது. இருபத்தொரு வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. எழுத்தும் எண்ணும் மட்டும் பிடிபடாத கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. அத்தகைய குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிப்பதைப் பள்ளிகளின் கடமையாகவே அது வகுத்திருக்கிறது. கண்டறிவதே கடமை! அக்குவினாஸ் நீதிநெறியாகச் சொன்னதை இந்நாட்டுச் சட்டமும் சொல்கிறது.

கண்டுபிடித்தால் ஏற்பாடு செய்ய வேண்டும், ஏற்பாட்டிற்குப் பணம் வேண்டும், ஆகவே கேளாமலிருப்போம் என்று ஒரு நிர்வாகம் எண்ணுமானால், அது அக்குவினாஸ் கூறிய மூன்றாம் வகை அறியாமை. அதற்கு மன்னிப்புக் கேட்கலாம். சாக்குச் சொல்ல முடியாது.

கூட்டத்திலிருந்து தனியே

காது கேளாதவரும் திக்கிப் பேசுபவருமான ஒருவரை இயேசு நலமாக்கிய நிகழ்ச்சியை மாற்கு எழுதியிருக்கிறார். அதில் என் மனத்தைத் தொடுவது ஒரு சிறு செய்தி. இயேசு முதலில் அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். பிறகு அவருடைய காதுகளையும் நாவையும் தொடுகிறார். சொல்லைக் கேட்க இயலாதவரிடம் தொடுகையால் பேசுகிறார். ஒருவரை அறிய வேண்டுமானால் முதலில் அவரைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காண வேண்டும். நாள்தோறும் ஒரு பிள்ளையோடு ஐந்து மணித்துளிகள் தனியே பேசும் ஆசிரியர், மூன்று மாதங்களுக்குள் வகுப்பு முழுவதையும் அறிந்துவிடலாம். இதற்குப் பணமும் ஆணையும் வேண்டியதில்லை. பெற்றோராகிய நாமும், பள்ளிக் கூட்டங்களுக்குச் செல்லும்போது மதிப்பெண்ணை மட்டும் கேட்டுத் திரும்பாமல், 'என் பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கிறது? கரும்பலகை தெரிகிறதா? யாரோடு உண்கிறது?' என்று கேட்கலாமே.

சில ஆண்டுகளுக்கு முன் மண்ணச்சநல்லூர்க் கடைவீதியில் ஒரு பெண்மணி என்னைக் கண்டு வணங்கினார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் நடந்தவாறே நான் ஏதோ கேட்டேன்.

“சார், முன்னால வந்து சொல்லுங்க” என்றார்.

அப்போது தெரிந்துகொண்டேன். அவர் எதிரே போய் நின்று, என்னை மன்னித்துவிடம்மா என்றேன். அவர் சிரித்தார். கையைப் பிடித்து நின்ற சிறுமியைக் காட்டினார்.

“பேத்திங்க சார். இவளப் பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்கு முன்னாடியே காது, கண்ணு ரெண்டையும் பெரியாஸ்பத்திரியில பாத்துட்டேன். டீச்சர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.”

என் குற்றம் குற்றந்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் சிரித்ததால் அது இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன ஒருவர், ஆசிரியன் கேட்கத் தவறிய வினாவைத் தாமே கேட்டு, தம் பேத்திக்கு வழி திறந்திருக்கிறார். அந்த வினாவை, நம் கண்முன் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் நாம் கேட்கத் தொடங்குவது எப்போது?